காக்காப்பொன் பார்க்கப் போனோம்

எங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்போம். தகடு தகடாக உரிந்து மின்னும் கல்லுக்குக் காக்காப்பொன் என்று பெயர். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது என் வாய்தான்.

காக்காவுக்கு நாவுலயில் பெண் பேசினார்கள். எங்கள் வழக்கப்படி வீட்டுப் பெண்கள்தான் போய்ப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை கல்யாணத்தன்றுதான் பெண்ணின் முகம் பார்ப்பார். காக்காவோ மாத்தளையில் துணிக்கடை வைத்திருந்தவர். எந்தத் துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். முகம் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று தங்கையான என்னிடம் வீரம் பேசினார். வாப்பாவிடம் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

பெண்ணின் சாச்சி, அதாவது சின்னம்மா, என் பள்ளித் தோழி. நாங்கள் இருவரும் பேசி ஓர் இடம் பார்த்தோம். நாவுலயைத் தாண்டி ஒரு குன்று. அரசாங்கம் அங்கே பூங்கா என்று ஒரு பலகையை நட்டதோடு சரி. பூவும் இல்லை, உட்கார ஒரு மர வாங்கும் இல்லை. தினமும் வந்துபோவது மாடுகள்தான். ஆனால் கால் வைத்த இடமெல்லாம் காக்காப்பொன் மின்னும்.

நானும் காக்காவும் படியிறங்கும்போது, எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று வாப்பா கேட்டார்.

"காக்காப்பொன் பாக்கப் போறோம் வாப்பா" என்றேன். அவர் காதில் பொன் என்று விழுந்ததோ, பொண் என்று விழுந்ததோ, தலையை மட்டும் ஆட்டினார்.

குன்றில் பெண்ணும் சாச்சியும் காத்திருந்தார்கள். நம் வீரர் தரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. குனிந்து குனிந்து கல் பொறுக்கினார். சட்டைப் பை நிறைந்தது, தலை நிமிரவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பெண்ணிடம் போய், அவர் கொஞ்சம் கூச்சக்காரர், குறை நினைக்க வேண்டாம் என்றேன்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "என்னைய ஒருத்தரும் கேக்கல்ல. நானும் பாக்கத்தான் வந்தேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பார்க்க வேண்டியவர் காக்கா மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் காக்கா உள்ளங்கை அகலத்தில் ஒரு தகட்டை எடுத்து, கடைத்துணியைப் பிடிப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடிபோல் ஊடே தெரியும் தகடு. கல்லை ஆராய்கிறாராம். தகடு மெல்ல எங்கள் பக்கம் திரும்பியது. அவள் ஒளியவில்லை, நிதானமாகத் திருப்பிப் பார்த்தாள். சிவந்தது காக்காவின் காதுதான்.

வீடு வந்தபோது அவர் மூக்கும் கன்னமும் மினுமினுத்தன. வாப்பா ஏற இறங்கப் பார்த்தார். காக்கா தரையைப் பார்த்தபடி, தனக்குச் சம்மதம் என்றார். வாப்பா என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ள இவனப் பாத்திச்சா?"

"நல்லாப் பாத்திச்சி வாப்பா."

"அப்ப அது என்ன சொல்லுதுன்னு மொதல்ல கேட்டுட்டு வா."

மறுநாள் மறுபடி நாவுல பஸ். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தத் தகட்டக் கீழ வச்சிட்டு ஒருக்கா நேராப் பாக்கச் சொல்லுங்க. பொறகு சொல்றேன்."

பையில்லாத சட்டையைப் போடவைத்துத்தான் காக்காவை மீண்டும் அந்தப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அவர் நிமிர்ந்து நேராகப் பார்த்தார். அவள் அங்கேயே, மாடுகள் சாட்சியாக, சம்மதம் என்றாள்.