இடப்பக்கக் கதவு

அந்தக் காரை நான் முதலில் பார்த்தது திருப்பதியில், ஒரு மரவாடிக் கொட்டகையில். தேக்குக் கட்டைகளுக்கு நடுவே, மேலே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். தார்ப்பாயை இழுத்ததும் எனக்குப் புத்தி போய்விட்டது. இரண்டே பேர் உட்காரக்கூடிய திறந்த கார். நீளமான மூக்கு, தரையோடு தாழ்ந்த உடம்பு, கம்பிச் சக்கரங்கள். கதவுகள் முழங்கை வைத்துக்கொள்கிற மாதிரி நடுவில் வளைந்து இறங்கியிருந்தன. யுத்தத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலில் வரவழைத்ததாம். ஊருக்குக் கிளம்பும்போது இந்த மரவாடிக்காரருக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம். வெல்ல மண்டிக்காரனுக்கு ரேஸ் கார் எதற்கு? மண்டியில் எல்லோரும் கேட்டார்கள். ஆந்திரா தனி ராஜ்யமாகி, மெட்ராஸ் ராஜ்யத்தோடு எல்லைப் பேச்சு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து வண்டியில் வெல்லம் ஏற்றி வருகிற குடியானவர்கள், எந்தக் கிராமம் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பேசாமல் வெல்லத்தை இறக்க மாட்டார்கள். "நம்ம ஊரே எந்தப் பக்கம்னு முடிவு ஆவல. நீ காரு வாங்கிக்கினு எங்க போவப் போற?" என்றார் ஒருவர். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் மனசுக்குள் அந்தக் கார் பாகாலா சாலையில் பறந்துகொண்டிருந்தது.

மரவாடிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். ஓட்டிப் பார்த்து, விலை பேசி முடித்த பிறகு, "உக்காருங்க பாபு, ஒண்ணு சொல்லணும்" என்றார். காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து காட்டினார். கீல் பின்னாலும் கொக்கி முன்னாலும் இருக்கிற கதவு. கொக்கி விட்டால் காற்றே அதை விரியத் திறந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாகராப்பேட்டை மலைப்பாதையில் ஒரு வளைவில் அப்படித்தான் திறந்துகொண்டதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி கீழே விழுந்தார். புத்தூருக்குக் கொண்டுபோய் எலும்புக்குக் கட்டுப் போட்டும் பிழைக்கவில்லை. அடி எலும்போடு நிற்கவில்லை.

"கொக்கிய மூணு தடவ மாத்தியாச்சு. அடிச்சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கிச்சு, அதனால கதவு சரியா உக்காராது. சீரு பண்ணலாம், மெட்ராஸ்ல பெரிய ஒர்க் ஷாப் போகணும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் உக்கார்றவங்க இந்த வாரக் கட்டிக்கணும்" என்று ஒரு தோல் வாரைக் கையில் கொடுத்தார். "அன்னீ செப்பேசானு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்க வீட்ல சொல்லுங்க. சரின்னா வாங்கிக்கோங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். வரும் வழியில், பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். மெட்ராஸுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்துவிட்டால் கதை முடிந்தது, வீணாக ஏன் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம் எனக்குத்தான். அவளிடம் சொன்னால் கார் கிடைக்காது.

"விக்கிறவரு இன்னா சொன்னாரு?" என்று என் மனைவி கேட்டாள்.

"நல்ல வண்டின்னாரு."

"ரெண்டு சீட்டுதானே? அந்த ரெண்டாவது சீட்ல நான்தான உக்காரணும்?"

"வேற யாரு?"

அவள் கொஞ்ச நேரம் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவர காணிப்பாக்கத்துக்கு வரச் சொல்லுங்க" என்றாள்.

அவள் பிறந்த ஊர் காணிப்பாக்கத்துக்குப் பக்கம். அந்தப் பக்கத்தில் மாடு வாங்கினாலும், வரப்புத் தகராறு என்றாலும், கடைசியில் காணிப்பாக்கத்துக்கு வர்றியா என்ற ஒரு கேள்விதான் வரும். கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்ய வேண்டும். அப்படி நின்று பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த நாளில் எல்லைக்காக மனு மனுவாக எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மண்டியிலேயே ஒரே ஆள் இரண்டு பக்கத்து மனுவிலும் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். காணிப்பாக்கத்துக்கு வா என்றால் அதே ஆள் பேச்சை மாற்றிவிடுவார்.

"இந்தக் காரால யாருக்கும் ஒண்ணும் ஆவலன்னு அவரு முழுகிட்டுச் சொல்லட்டும். அப்புறம் வாங்கிக்குங்க. நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றாள்.

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அதற்குப் பதிலாக மரவாடிக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் மனைவி காணிப்பாக்கத்துக்காரி, அவள் திருப்திக்காக நீங்கள் வந்து ஒரு சத்தியம் செய்ய வேண்டுமாம் என்று மட்டும் எழுதினேன். எதைப் பற்றிச் சத்தியம் என்று எழுதவில்லை. பெரிய மனுஷன், கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவார் என்று ஒரு கணக்கு. வந்தாலும் எதையும் மறைக்கவில்லை என்றுதான் சத்தியம் செய்வார், அது அவளுக்குப் போதும் என்று இன்னொரு கணக்கு. நான்கே நாளில் கார்டு வந்தது. வருகிறேன் என்று ஒரே வரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. என் மனைவி காப்பி கொண்டுவரப் போன சமயத்தில் அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

அவர் முகம் லேசானது. "அப்போ நீங்க ரெண்டு பேரும் கார்ல வாங்க. நான் பஸ்ல வர்றேன். வார் சீட் மேல வச்சிருக்கேன், மறக்காம கட்டுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

வாரைக் கட்டினால் ஏன் என்று கேட்பாள். அதைச் சுருட்டி என் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அவள் புதுப்புடவையோடு வந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள். நான் சுற்றிப் போய்க் கதவைச் சாத்தி, இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் கிளம்பினேன்.

காணிப்பாக்கம் ஏழு மைல். ஊர் எல்லை தாண்டியதும் அவள் முழங்கையைத் தூக்கிக் கதவின் மேல் வைத்துக்கொண்டாள்.

"கைய எடு."

"ஏன்?"

"சூடு."

"காலையில இன்னா சூடு?" என்றவள் கையை எடுத்துவிட்டு, ஒரு நிமிஷத்தில் மறுபடி வைத்தாள். காற்றில் அவள் தலைமுடி பறந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கார் வலது பக்கம் திரும்பினால் அவள் உடம்பு கதவின் மேல் சாயும். அதனால் ஒவ்வொரு வலது வளைவிலும் வண்டியை நிற்கிற அளவுக்குக் குறைத்தேன். ஒரு கையால் ஸ்டியரிங், இன்னொரு கையால் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க இது, ரோட்ல?" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஆசையில் பிடித்தேன் என்று நினைத்திருக்கிறாள்.

கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. "ரேஸ் காருன்னு சொன்னீங்க, மாடு முந்திக்கினு போவுது" என்றாள். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஒதுங்கினால் பள்ளம், ஒதுங்காவிட்டால் அவன் உரசுவான். ஒதுங்கினேன். இடப்பக்கச் சக்கரம் குழியில் இறங்கி ஏறியது, கதவு கடகடவென்று ஆடியது. நான் வண்டியை நிறுத்திவிட்டேன். பஸ் ஜன்னலில் மரவாடிக்காரரின் முகம் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளுடைய பக்கத்தைத்தான் பார்த்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் குளத்தில் முழுகிவிட்டுப் படியில் நின்றிருந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் பேசாமல் நேராக அவளிடம் கேட்டார்.

"அம்மா, வாரு கட்டிக்கலியா?"

"எந்த வாரு?"

அவர் என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பயந்துபோயிருந்தார்.

"அய்யா, இந்தக் காரால யாருக்கும் ஒண்ணும் ஆவலன்னு சொல்லுங்க, அது போதும்" என்றாள் என் மனைவி. அவளுக்கு இன்னும் எதுவும் புரியவில்லை.

"அத என்னால சொல்ல முடியாது அம்மா. இந்தக் கார்ல இருந்து விழுந்துதான் என் தம்பி செத்தான். நீங்க உக்காந்து வந்த எடம். அந்தக் கதவு." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "இத எல்லாம் இவருகிட்டச் சொன்னேன். சொன்னேன்னு உள்ள வந்து சத்தியம் பண்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் காதோரத்தில் கலைந்திருந்த முடியைப் பார்த்தேன்.

"அவரு சொல்லவே இல்லன்னா, நீங்களும் முழுகிட்டு வாங்க. வந்து சொல்லுங்க, நான் நம்பறேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. இன்னும் எனக்கு ஒரு வழி விட்டு வைத்திருந்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படி இறங்கினேன். கணுக்கால் வரை தண்ணீர் வந்தது. சுற்றிலும் யார் யாரோ முழுகிக்கொண்டிருந்தார்கள். சும்மா குளித்துவிட்டு ஏறினாலும் போதும், உள்ளே போவதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்றுகூட யோசித்தேன். அப்படிப்பட்டவனாகத்தான் இருந்தேன். ஆனால் கால் அதற்குமேல் இறங்கவில்லை. திரும்பி ஏறி வந்தேன். துணி நனையவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. மரவாடிக்காரரிடம், "அய்யா, நான் பஸ்ல போறேன். நீங்க காரை ஓட்டிக்கினு வாங்க. இவரு அந்தப் பக்கம் உக்காரட்டும்" என்றாள். பிறகு கோயிலுக்குள் போய்விட்டாள்.

திரும்பும்போது நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். அவர் தன் சீட்டுக்கு அடியில் நான் தள்ளியிருந்த வாரை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வேகமாகக்கூட ஓட்டவில்லை. முதல் வலது வளைவில் கதவு முனகியது. இரண்டாவது வளைவு ஒரு மாந்தோப்பு ஓரம். கொக்கி விட்ட சத்தம் மெல்லத்தான் கேட்டது, என் பக்கத்தில் கதவு இருந்த இடம் காலியாகிவிட்டது. சாலை என் தொடைக்குக் கீழே ஓடியது. இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். ஏழு மைலும் அவள் முழங்கை இருந்த இடம் அது.

அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கி வந்து கதவைச் சாத்தினார். "என் தம்பி உங்கள விட ஒல்லி" என்றார். பிறகு, "சாவி வேணுமா பாபு?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

"வேணாம்" என்றேன்.

வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு அவர் திருப்பதிக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து அவள் பஸ்ஸில் வந்தாள். நெற்றியில் விபூதி இருந்தது. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

"கதவு தொறந்துச்சா?"

"தொறந்துச்சு."

"எத்தினி வாட்டி?"

"ஒரு வாட்டி."

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுத்ததே இல்லை. எடுத்திருக்கலாம் என்று நான் பல நாள் ஏங்கியிருக்கிறேன்.

நான்கு கதவுள்ள, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கிழட்டுக் காரைத்தான் கடைசியில் வாங்கினேன். அதற்குள் எல்லையெல்லாம் தீர்ந்து, பலகைகளில் ஊர்களின் பெயர்கள் மாறிவிட்டன. அதற்கப்புறம் இன்னும் இரண்டு கார்கள் வந்து போயின. இன்றும் எங்கே கிளம்பினாலும், அவள் ஏறியதும் நான் சுற்றிப் போய் அவள் பக்கத்துக் கதவைச் சாத்துகிறேன். நான் என் பக்கம் வந்து உட்காருவதற்குள் அவள் அதைத் திறந்து, தானே ஒரு தடவை சாத்திக்கொள்கிறாள். அந்தச் சத்தம் கேட்காத மாதிரி நான் சாவியைத் திருப்புகிறேன்.