ரபாயேல் பாஸ் அடைத்த ஓடை

பின்வளவில் மண்வெட்டிச் சத்தம் கேட்டால் யாரென்று எட்டிப் பார்க்கவே வேண்டாம், அது ரபாயேல்தான். மழை விட்டு அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. தலையில் ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பையைத் தொப்பிபோலக் கவிழ்த்து, சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வீட்டுக்கும் மலைக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய இடத்தில் நின்று, மழைத்தண்ணீர் ஓடும் காணில் சேர்ந்த மண்ணை வாரி எறிந்துகொண்டிருப்பார். அனுமதி கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது. முதலில் குரைத்த நாய்கள்கூட இப்போது அவரைக் கண்டால் எழுந்து ஒதுங்கி வழிவிடுகின்றன.

"பாஸ், இது எங்க வீட்டுக் காண். நாங்களே வெட்டிக்குவோம்" என்று யாராவது சொன்னால், "வெட்டிக்குவீங்க. வெட்டினீங்களா?" என்பார். பிளேன்டீ வரும். நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

மாத்தளையிலிருந்து யட்டவத்த போகிற வழியில், சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் வீடுகளில் பதினேழு அவர் கட்டியவை. வயது அறுபத்தொன்று. நாற்பது வருடமாக மேசன் வேலை. அதனால் ஊருக்கெல்லாம் பாஸ். குள்ளமான உருவம். சாந்துச் சட்டி சுமந்து சுமந்து ஒரு தோள் சற்றுத் தாழ்ந்துவிட்டது. சட்டைப்பையில் செபமாலையும் பென்சிலும் சிக்கிக்கொண்டு கிடக்கும். ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். ஞாயிறு பூசையில் கடைசி வாங்கில் உட்கார்ந்து முகட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பக்தி என்று ஃபாதர் ஒருநாள் மெச்சியபோது, கூரையில் ஈரம் எந்தப் பக்கத்தால் கசிகிறது என்று பார்த்ததாக மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

வீடு கட்டக் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது கல்லையும் மணலையும் பற்றியல்ல. "மலைப்பக்க அறையில யாரு படுக்கப் போறாங்க?" என்று கேட்பார். இந்தப் பக்கத்தில் யாருக்குமே நிலம் போதாது. பின்னால் உள்ள மண்ணைச் செங்குத்தாக அறுத்துவிட்டால் அறை இரண்டு முழம் பெரிதாகும். ஆகையால் எல்லோரும் அறுக்கிறார்கள். ரபாயேல் விடமாட்டார். சுவருக்கும் மண்ணுக்கும் இடையே ஆறடி விட வேண்டும். மலைப்பக்கம் களஞ்சியம், ரோட்டுப் பக்கம் படுக்கையறை. "அரிசி மூட்டை மலைப்பக்கம் படுக்கட்டும். புள்ளைங்க ரோட்டுப் பக்கம் படுக்கட்டும்."

பல்லேபொலவில் மிளகு வியாபாரம் செய்யும் பதுர்தீன் நானா, லொறிக்கு ஒரு கொட்டகை போட இவரைக் கூட்டிப்போய், ஒரு பகல் முழுக்க வாதாடிக் களைத்துப்போனார். "பாஸ் ஒருத்தர வரச் சொன்னேன். வந்திருக்கிறது மலையோட வக்கீல்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரித்தாலும் ஆறடி விட்டார்.

எல்லோரும் பதுர்தீன் நானா ஆவார்களா? கறார் பேசிக் கைநழுவிப்போன வேலைகள் ஏராளம். மனைவி மரிய கொறற்றி அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. "வெயில் காலத்துல வர்ற வேலைய வெரட்டுவாரு. மழைக் காலத்துல ஊர்க் காண் வெட்டுவாரு. ரெண்டு காலத்துலயும் எனக்குப் புருஷன் இல்ல."

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "வீட்டக் கட்டுறவங்க வேற, அதுல கடைசியா படுக்கப் போறவங்க வேற. அவங்க இன்னும் பொறக்கவே இல்ல. அவங்களுக்குப் பதிலா நான் கேக்குறேன். தப்பா?" என்பார்.

இந்தப் புத்தி அவருக்குப் பிறவியிலேயே வந்துவிடவில்லை; வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தது. அதை அவர் மறைப்பதுமில்லை. இருபத்தாறு வருடங்களுக்கு முன், பஸ் கண்டக்டர் நடராஜா தன் வீட்டுக்கு ஒரு பின்னறை கேட்டார். வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை. மழைக் காலத்தில் நாலைந்து வாரம் ஓடும். மற்ற நாட்களில் அதில் கோழி மேயும். ரபாயேல் அதில் ஆறங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்து, மண் போட்டு மூடி, மேலே அறையைக் கட்டினார். ஓடை இருந்த சுவடே இல்லை. அந்தக் கெட்டித்தனத்தைப் போகிற இடமெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தார்.

கால் நூற்றாண்டு குழாயும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. "அப்ப பேஞ்ச மழைக்கு அது போதும். இப்ப பேயுறது வேற மழை" என்கிறார். ஒரு மாதத்து மழை ஒரே நாளில் இறங்கிய போன நவம்பரில், குழாய் அடைத்துக்கொண்டது. காலை பத்து மணிக்கு மலை பின்னறைக்குள் வந்தது. நடராஜா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்; அந்த அறை அவருடைய மகன் கஜீபனுக்கும் மருமகள் கிருஷாந்திக்கும் உரியதாகியிருந்தது. கிருஷாந்திக்கு அப்போது இரண்டாம் மாதம். மசக்கையில் படுத்துக் கிடந்தவள் வாந்தியெடுக்க முன்வாசலுக்குப் போன நேரம் அது. திரும்பி வந்து பார்த்தபோது கட்டில் இருந்த இடத்தில் சேறு ஜன்னல் உயரத்துக்கு நின்றது.

மறுநாள் சேறு அள்ளியவர்களில் ரபாயேலும் ஒருவர். மாலையில் குழாயின் வாய் வெளிப்பட்டது. வேரும் பிளாஸ்டிக் போத்தலும் மண்ணும் சேர்ந்து அதில் இறுகிப் போயிருந்தன. அவர் அதன் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன செய்றது பாஸ், மழை அப்பிடி. உலகமே மாறிப்போச்சு" என்று கஜீபன்தான் ஆறுதல் சொன்னான்.

"மழைய நான் கூப்புடல தம்பி. ஆனா பாதைய அடச்சது நான்தானே."

மழை விட்டதும் பதினேழு வீடுகளுக்கும் ஓடுகிற பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். ஆனால் கஜீபன் வீட்டுச் சங்கதி காண் வெட்டித் தீர்கிற சங்கதியல்ல. அறையே ஓடையில் நிற்கிறது. அவனோ உடைந்த சுவரை இன்னும் தடிப்பாகக் கட்டித்தரச் சொன்னான். ரபாயேல் அறையையே எடுத்துவிடச் சொன்னார். மொத்தம் மூன்று அறை. பிள்ளை வேறு பிறக்கப்போகிறது. கஜீபனுக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு.

"நீங்க கட்டின அறை பாஸ். நீங்களே இடிக்கச் சொன்னா எப்பிடி?"

"நான் கட்டினதாலதான் தம்பி சொல்றேன்."

வேறு பாஸைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவன் கதவைச் சாத்திக்கொண்டான். உடைந்த பக்கத்தைத் தகரத்தால் மறைத்து, அந்த அறையிலேயே படுத்தார்கள்.

ரபாயேல் மல்லுக்கு நிற்கவில்லை. வீட்டுக்கு மேலே, கராம்பு மரங்களுக்கு நடுவில் நிலம் நீளமாக வெடித்திருந்தது. வெடிப்பின் இரண்டு பக்கமும் இரண்டு ஆப்புகளை அடித்தார். அவற்றுக்கு நடுவே இம்மியும் பிசகாமல் பொருந்தும்படி ஒரு கம்பை அறுத்து வைத்தார். பிறகு வாயைத் திறக்காமல் இரண்டு மாதம் காத்திருந்தார். பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது மரிய கொறற்றிக்குத்தான் தெரியும். ஏப்ரல் மழை நாலு நாள் பெய்து ஓய்ந்ததும் கஜீபனைக் கையோடு மேலே கூட்டிப்போய், கம்பை அவன் கையில் கொடுத்தார்.

"வச்சுப் பாரு தம்பி."

கஜீபன் வைத்துப் பார்த்தான். நாலு விரற்கடை குறைந்தது. கம்பைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். அப்போதும் நாலு விரற்கடை குறைந்தது; மலை அவ்வளவு நகர்ந்திருந்தது. கீழே இறங்கியவன், அந்த ஞாயிற்றுக்கிழமையே அலுமாரியையும் கட்டிலையும் முன்னறைக்கு இழுத்துவிட்டான்.

தான் கட்டியதைத் தானே பிரிக்கிற மேசனை ஊர் அன்றுதான் பார்த்தது. முதல் கல்லை அசைக்க அவர் வேறு எவரையும் விடவில்லை. அலவாங்கால் நெம்பி நெம்பி ஒவ்வொரு வரியாகக் கழற்றினார். பழைய பூச்சு லேசில் விடவில்லை. அவ்வளவு நன்றாகப் பூசியிருந்தார். மூன்றாம் நாள் குழாயையும் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓடையை ஒரு மாடு திரும்பும் அகலத்துக்கு வெட்டி, இரு கரையிலும் கருங்கல் அடுக்கினார்.

எட்டு மாத வயிற்றோடு கதவில் சாய்ந்து நின்ற கிருஷாந்தி, "இவ்வளவு அகலம் எதுக்கு மாமா? தண்ணி விரல் தடிப்புக்குத்தானே ஓடுது" என்றாள்.

"இது இந்த வருஷத்து மழைக்கு இல்ல மகள். இன்னும் நாப்பது வருஷத்து மழைக்கு."

அதற்கு மேலும் பெய்தால் கல்லை நம்பிக்கொண்டிருக்காமல் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோயில் மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்று கஜீபனிடம் இரண்டு தடவை சொல்லி, இரண்டு தடவையும் சரியென்று சொல்ல வைத்தார்.

வேலை முடிந்து கைகழுவும்போதுதான் கிருஷாந்தி மெல்லக் கேட்டாள். "அப்ப தொட்டில் எங்க மாமா கட்டுறது? அந்த அறையிலதானே கட்ட நெனச்சிருந்தோம்."

ரபாயேல் முன்னறைக்குள் போய், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே நின்று, முகட்டு வளைமரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனவர், கட்டைவிரல் தடிப்பில் ஓர் இரும்புக் கொக்கியோடு திரும்பி வந்தார். வளையைத் துளைத்துக் கொக்கியைச் செருகி, மேலே தகடு வைத்துச் திருகுச் சுரையை இறுக்கினார்.

நடராஜாவின் மனைவி கிருஷ்ணம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "பொறக்காத புள்ளைக்கு இப்பவே கொக்கி போடக் கூடாது பாஸ்."

"புள்ளைக்கு யாரு போட்டா? இது வாழைக்குலை தொங்கவிட, அக்கா" என்றார் ரபாயேல், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

ஸ்டூலை விட்டு இறங்கினார். அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார். கட்டட வேலைக்குச் சாரமரம் கட்டுகிற கயிறு ஒன்றை இரண்டாக மடித்துக் கொக்கியில் கோத்து, உள்ளங்கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தார். கஜீபன் பதறிப்போய்த் தாங்க வந்தான். கிட்ட வர வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கண்ணை வளையில் வைத்தபடி, அந்த அறுபத்தொரு வயது மனிதர் இரண்டு கால்களையும் நிலத்திலிருந்து தூக்கி மடக்கிக்கொண்டு, தன் முழுப் பாரத்தோடும் அதில் தொங்கினார்.