சத்தம் வரும் கீபோர்டு

2007 வாக்கில் சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு பத்திர எழுத்தர் மாதம் ஒருமுறை வருவார். வீட்டிலேயே பத்திரம் டைப் அடிப்பவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, காதோரம் நரை. கடையிலிருக்கும் ஒவ்வொரு கீபோர்டையும் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார்.

“பழைய கீபோர்டு மாதிரி டக்கு டக்குன்னு சத்தம் வர்றது ஒண்ணும் வர்லியா தம்பி?”

“அதெல்லாம் இப்ப செய்யறதே கொறஞ்சிபோச்சு சார். சத்தம் இல்லாததத்தான் எல்லாரும் கேக்குறாங்க.”

“எங்க வீட்டுக்காரம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அந்தச் சத்தம் கேட்டாதான் நான் பக்கத்துல இருக்கேன்னு தூங்குவாங்க. பழசு ரிப்பேரானதுலேர்ந்து கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க.”

சென்னைக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

கடைசியாக வந்தபோது சத்தமில்லாத ஒன்றையே வாங்கிக்கொண்டார். “அவுங்க எப்டி சார் தூங்குவாங்க?” என்று கேட்டேன்.

“அடிக்கிறத வாய்விட்டுப் படிச்சிக்கிட்டே அடிக்கிறேன். இருந்தாலும் அது கெடச்சா எடுத்து வைங்க தம்பி. தொண்ட கட்டிக்குது.”

யாரோ வாங்கிய நிலத்துக்கு வடக்கே வாய்க்கால், தெற்கே தென்னந்தோப்பு, கிழக்கே வண்டிப்பாதை என்று அவர் படித்துக்கொண்டு போக, மேற்கு எல்லை வருவதற்குள் அந்த அம்மா தூங்கிப்போயிருப்பார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.