ஆறாயிரத்து நானூறு ரூபாய் மஞ்சள் பை

1. லேத் நின்றது

திருச்சி அரியமங்கலத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில் இரண்டு லேத் உண்டு. ஒன்று பழையது, கையால் ஓட்டுவது. அது நின்று நான் பார்த்ததே இல்லை. இன்னொன்று கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி. வருகிறவர் போகிறவரையெல்லாம் முதலாளி கூட்டிப்போய் அதைக் காட்டுவார். நின்றது அதுதான்.

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் ஒன்றுக்குப் பன்னிரண்டு ஷாஃப்ட் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு நாலாவது நாள் அது நின்றது. அறுவடை தொடங்குவதற்குள் கொடுக்காவிட்டால் ஆர்டர் போய்விடும். சர்வீஸ்காரர் வந்து பார்த்து, "டிரைவ் கார்டு போயிடுச்சுங்க, மோட்டார ஓட்டற எலெக்ட்ரானிக் அட்டை" என்றார். மெஷினைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. எவராவது பழைய கார்டை இணையத்தில் ஏலத்துக்கு விட்டால்தான் உண்டு என்று சொல்லிவிட்டு விசிட் சார்ஜை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

நான் அப்போதே அங்கே முப்பத்தொரு வருடம் பர்ச்சேஸ் பார்த்திருந்தவன். ஒரு கிலோ வேஸ்ட் துணி வாங்கினாலும், "லாரி வாடகை உங்களுதா, எங்களுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவேன். சப்ளையர்கள் என்னைப் பற்றிப் பின்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமைதான். இப்படிப்பட்ட ஆள் எப்படி ஏமாந்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இப்போது பர்ச்சேஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் படிக்கலாம்.

2. "போடுங்க, போடுங்க!"

அதே மாடல் கார்டு ஒன்று ஒரு ஏலத் தளத்தில் இருப்பதை நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன். கணக்குத் தொடங்க வேண்டும் என்றேன். முதலாளி, "என் பேர்ல போட்டா நாளைக்கு எவனாவது எதையாவது கேப்பான். உங்க பேர்லயே போடுங்க கணேசன்" என்றார். அப்படியே என் பேர், என் போன் நம்பர், என் பேங்க் கார்டு.

முதலாளி குடும்பம் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்த குடும்பம். ஏலம் என்று கேட்டதும் அவருக்குக் கிடாச் சண்டை பார்க்கிற உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆயிரத்து நூறில் தொடங்கியது. எதிரே யாரோ ஒருவர் ஐம்பது ஐம்பதாக ஏற்றிக்கொண்டே வந்தார்.

"போடுங்க, போடுங்க! விடாதீங்க!"

"சார், கீழே ஷிப்பிங் தனின்னு போட்டிருக்கு. எவ்வளவுன்னு போடல."

"அட, மூட்டைக் கூலிய எவன்யா முதல்ல கேப்பான்? சரக்க மடக்குங்க முதல்ல!"

மண்டியில் அது சரி. அங்கே மூட்டைக்கு இவ்வளவு கூலி என்று ஊருக்கே தெரியும். ஏலம் எடுத்தபிறகு சுமை தூக்குகிறவர் வந்து ஒரு மூட்டைக்கு வெங்காயத்தைவிட அதிகமாகக் கேட்கமாட்டார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் கேட்பார் என்று முதலாளிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் கடைசி நிமிடத்தில் ஆயிரத்து எண்ணூறில் நிற்கலாமா, இன்னொரு ஐம்பது ஏற்றலாமா என்று இரண்டு பேரும் அப்படி மூளையைக் கசக்கினோம். ஏற்றினோம். ஜெயித்தோம். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. முதலாளி எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிவரச் சொன்னார்.

வடை வாயில் இருக்கும்போதே பில் வந்தது. பொருள் 1,850. ஷிப்பிங் அண்ட் ஹேண்ட்லிங் 6,400. அரைக் கிலோகூட இல்லாத ஒரு அட்டைக்கு.

முதலாளி பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏலம் எடுத்தது உங்க பேர்ல. பொருளுக்குக் கம்பெனி குடுக்கும். கூலி கேக்காம விட்டது நீங்க. இப்ப மொத்தத்தையும் உங்க கணக்குல போட்டுவிடறேன், கூலிய உங்க சம்பளத்துல பிடிச்சுக்குவேன்" என்றார். சற்றுமுன் மூட்டைக் கூலியை எவன் கேட்பான் என்றவர் இவர்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறவன் முதலாளியிடம் ஆத்திரத்தைக் காட்டுவதில்லை. வடையை மென்று விழுங்கினேன்.

3. ஒன்றாம் நம்பர் பஸ்

பில்லை மறுபடி படித்தபோதுதான் அனுப்புகிறவர் விலாசம் கண்ணில் பட்டது. ஸ்ரீரங்கம். எனக்கு உயிர் வந்தது. நான் டெல்லியோ ஹாங்காங்கோ என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

போன் செய்தேன். பெரியவர் ஒருவர் எடுத்தார்.

"கூரியர்ல போட்டா மூணு நாள் ஆகுமே. இங்கேருந்து சென்னைக்குப் போயிட்டு அப்புறமாத்தான் அரியமங்கலம் வரும்."

"வேண்டாங்க, நானே நேர்ல வந்து வாங்கிக்கறேன்."

"பேஷா வாங்கோ."

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தேன். காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது, நேரில் போய் வாங்கினால் ஷிப்பிங் ஏது, என் சம்பளம் தப்பித்தது என்று எனக்கு நானே கெட்டிக்காரப் பட்டம் கொடுத்துக்கொண்டேன்.

சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் வீடு. திருமண் இட்ட, வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர். எழுபது வயது இருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தவராம். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். உட்காரவைத்துக் காபி கொடுத்தார். நல்ல காபி. அதற்கு ஹேண்ட்லிங் சார்ஜ் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"சாமி, நான்தான் நேர்ல வந்துட்டேனே. ஷிப்பிங்க எடுத்துட்டு மிச்சத்துக்கு வாங்கிக்கங்க."

அவர் சிரித்தார். "அதெப்படி எடுக்கறது? அடியேன் அந்தக் கார்டை ஆயிரத்து எண்ணூறுக்கா வித்தேன்? பொருள் விலையிலதான் தளக்காரன் கமிஷன் பிடிப்பான். ஷிப்பிங்ல கைவைக்க மாட்டான். ரெண்டும் சேந்ததுதான் விலை."

"அப்ப எட்டாயிரம்னு விலையப் போட்டிருக்கலாமே?"

"போட்டிருந்தா நீங்க ஏலத்துக்கே வந்திருக்க மாட்டேளே."

இதைச் சொல்லும்போது அந்த முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. கோயில் பிரசாத உண்டக்கட்டிக்கு எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று வெளியூர்க்காரனுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார். முப்பத்தொரு வருடம் எத்தனையோ சப்ளையரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவன், காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அனுப்பாத பொருளுக்கு அனுப்பற காசு வாங்கறது நியாயமா சாமி?"

"சார்ஜ் சார்ஜ்தான். வேண்டாம்னா விட்டுடுங்கோ, அடுத்த ஆளுக்குப் போயிடும். உங்களுக்கு எதிர்ல ஏத்திண்டே வந்தாரே, அவர் காலம்பறயே கேட்டுட்டார்."

மண்ணச்சநல்லூர் ஷாஃப்ட் கண்முன்னால் நின்றது. போனை எடுத்து எட்டாயிரத்து இருநூற்று ஐம்பதையும் கட்டினேன். அவர் கார்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் போட்டுக் கொடுத்தார். அதுதான் பேக்கிங். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அதுதான் ஹேண்ட்லிங்.

"பையைத் திருப்பித் தரவேண்டாம்" என்று பெரிய மனசோடு சொன்னார்.

ஷிப்பிங்கை நான் செய்தேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு.

4. முதலாளி கற்றுக்கொண்ட பாடம்

கார்டு வேலை செய்தது. ஷாஃப்ட் நாள் தவறாமல் போனது. எல்லாம் முடிந்தபின் நடந்ததை முதலாளியிடம் விவரமாகச் சொன்னேன். அந்தப் பெரியவரைத் திட்டுவார், என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும் என்று நினைத்தேன். அவர் கண் பளபளத்தது.

"கெட்டிக்காரன்யா அந்த ஆளு!"

அன்றைக்கே எங்கள் பில்லில் ஒரு வரி ஏறியது. 'பேக்கிங் அண்ட் ஃபார்வர்டிங்: ரூ. 350.' வேலைக் கூலியில் ஐம்பது ரூபாயைக் குறைத்து, விலை இறங்கிவிட்டது என்று போர்டும் வைத்தார்.

"சார், நம்ம கஸ்டமரெல்லாம் தாங்களே வந்து தூக்கிட்டுப் போறவங்க. நாம எதையும் பேக் பண்றதுமில்ல, அனுப்பறதுமில்ல."

"அதனாலதான் இதுல லாபம். உங்களுக்கு ஒண்ணு சொல்றேன் கணேசன். இதுல வர்ற காசு உங்க ஆறாயிரத்து நானூறு அடையற வரைக்கும் உங்க கணக்கு. சம்பளத்துல பிடிக்க மாட்டேன். சந்தோஷமா?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஸ்ரீரங்கத்தில் நியாயம் பேசிய அதே வாயை மூடிக்கொண்டு அந்த வரியை நானே டைப் அடித்தேன். கேட்ட கஸ்டமர்களிடம், "எல்லா எடத்துலயும் வந்துடுச்சுங்க" என்றேன். முணுமுணுத்தார்கள், கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது.

5. சரோஜா அம்மாவின் ஷாஃப்ட்

லால்குடிப் பக்கம் மாவு மில் நடத்துகிற சரோஜா அம்மா தேய்ந்துபோன ஷாஃப்ட்டை லேத்தில் கடையக் கொடுத்திருந்தார். வாங்கிப்போக வந்தார். ஐம்பது வயது, கையில் மடித்த சாக்கு. பில்லை விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"இது என்னா சார், பேக்கிங்?"

"கட்டிக் குடுக்கறதும்மா."

"சாக்கு நான் கொண்டாந்திருக்கேன். அடுத்தது?"

"ஃபார்வர்டிங். அனுப்பிவைக்கறது."

"யாரு அனுப்பறா? நான்தான தூக்கிட்டுப் போறேன்?"

என் வாயிலிருந்து அந்த வார்த்தை தானாக வந்தது. "சார்ஜ் சார்ஜ்தாம்மா."

சொன்ன பிறகுதான் யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது. அந்த அம்மா சண்டை போடவில்லை. பணத்தை எடுத்து மேசையில் வைத்தார், முந்நூற்று ஐம்பதையும் சேர்த்து. சாக்கை என் பக்கம் தள்ளினார்.

"சரி. காசு வாங்கிட்டீங்கள்ல? கட்டுங்க. கட்டித் தூக்கிட்டு வாங்க. லால்குடி வரைக்கும் வேணாம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு போதும். அங்கேருந்து நான் பாத்துக்கறேன்."

பட்டறையில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எல்லோரும் இங்கேதான் பார்த்தார்கள். முதலாளி கண்ணாடி அறைக்குள் அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பில்லில் இருந்தது என் கையெழுத்து.

கட்டினேன். தூக்கினேன். இருபது கிலோவுக்குக் குறையாது. ஐம்பத்தெட்டு வயதில், மடிப்புக் கலையாத சட்டையில், தஞ்சாவூர் ரோடு ஸ்டாப்பிங் வரை தோளில் சுமந்தேன். அந்த அம்மா பின்னாலேயே, "பாத்து சார், பள்ளம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். டவுன் பஸ்ஸில் அவருக்கு மகளிர் இலவச டிக்கெட். கண்டக்டர் சாக்கைப் பார்த்து, "லக்கேஜ் யாருது?" என்றார்.

"அவருதுதான். சார்ஜ் வாங்கியிருக்காரு" என்றார் அம்மா.

எனக்கொரு டிக்கெட், ஷாஃப்ட்டுக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். சத்திரத்தில் லால்குடி பஸ்ஸில் ஏற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இப்ப சரியாப் போச்சு சார். போயிட்டு வரேன்" என்றார். நக்கல் இல்லை. காசு கொடுத்தார், வேலை நடந்தது, அவருக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் எதிரே ஒன்றாம் நம்பர் நின்றுகொண்டிருந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. நான் பெரியவரிடம் என்ன கேட்டேன்? தள்ளுபடி கேட்டேன், நியாயம் கேட்டேன், கெஞ்சினேன். "ஆறாயிரத்து நானூறு வாங்கிட்டீங்கள்ல சாமி, இந்தாங்க விலாசம், அரியமங்கலத்துல கொண்டாந்து குடுங்க" என்று கேட்கவில்லை. பர்ச்சேஸில் முப்பத்தொரு வருடம் தேய்த்தவனுக்கு வராத வார்த்தை மாவு அரைக்கிற அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் வந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக பில்லிலிருந்து அந்த வரியை எடுத்தேன். முதலாளி வந்து பார்த்தார்.

"ஏன் எடுத்தீங்க?"

"அடுத்த கஸ்டமர் இதே மாதிரி கேட்டா நீங்க தூக்கறீங்களா சார்?"

அவர் கணக்கு நோட்டை எடுத்தார். "மிச்சத்த சம்பளத்துலதான் பிடிப்பேன்."

"பிடிச்சுக்கங்க."

இரண்டு மாதம் பிடித்தார். இரண்டு மாதமும் வலித்தது.

பர்ச்சேஸ் பார்க்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு அதிகமில்லை. ஏலத்தில் கை தூக்குமுன், என் வாசலில் வந்து இறங்க மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். பின்னால் நின்று யார் கத்தினாலும் கேளுங்கள். கேட்க மறந்து கூலியைக் கொடுத்துத் தொலைத்துவிட்டால், மூட்டையில் நீங்கள் கைவைக்காதீர்கள்.

மஞ்சள் பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் காய்கறி வாங்க அதைத்தான் எடுத்துப் போகிறேன். கொடுத்த காசுக்கு அதுவாவது உழைக்கட்டும்.