புதன்கிழமை நாடகம் நின்றபோது

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த அன்று முழங்கிய மெர்டேக்கா முழக்கத்தைக் காதால் கேட்டே தீர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் வாங்கிய ரேடியோப் பெட்டி அது. முழக்கம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பெட்டியைப் பெண்கள் நாங்கள் எடுத்துக்கொண்டோம். புதன்கிழமை மாலை ஆறரை மணிக்குத் தமிழ் நாடகம் வரும். மலாக்காவில் காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பண்டார் ஹிலிர் கடையில் வேலை முடிந்து வரும் என் வீட்டுக்காரருக்குச் செருப்பைக் கழற்றக்கூட இடம் இருக்காது.

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன மகனுக்காக ஒரு தாய் காத்திருக்கும் கதை. எழுதியவர் யாரோ தெரியாது, ஆனால் கெட்டிக்காரர். அந்தத் தாய் ஒப்பாரி வைக்க மாட்டாள். "இன்னிக்குக் கொழம்புல உப்பு கூடிப்போச்சு, அவனுக்குப் பிடிக்காது" என்பாள், அவ்வளவுதான். இங்கே நாங்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்போம்.

பக்கத்து வீட்டம்மாளும் கேட்க வருவார். மலாக்கா செட்டி சமூகத்தவர். நம்மைப் போலவே கோயிலுக்குப் போவார், திருநீறு பூசுவார், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழில் நாலைந்து சொற்களுக்கு மேல் தெரியாது. நான் அவரை மலாய் வழக்கப்படி மாச்சிக், அத்தை, என்று கூப்பிடுவேன். சமையலறை வாசலில் என் பக்கத்தில் உட்காரவைத்துக் காதோடு காதாக மலாயில் கதை சொல்வது என் வேலை. அவருடைய மூத்த மகனையும் சயாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். போனவன் திரும்பவில்லை. இறந்துவிட்டான் என்று சொல்லவும் ஆள் வரவில்லை. நாடகத்துப் பிள்ளை வீடு சேர்ந்தால் தன் பிள்ளையும் சேருவான் என்று அவர் மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். என்னிடமே சொன்னார்.

ஒரு புதன்கிழமை நாடகத்தில், சயாமிலிருந்து திரும்பிய ஒருவன் அந்தத் தாயிடம் வந்து, "ஒங்க மகன நான்தாம்மா குழி வெட்டிப் பொதச்சேன்" என்றான். கூடம் முழுக்க அழுகை. மாச்சிக் என் முழங்கையைப் பிடித்து, "ஆப்பா தியா சாக்காப்?" என்றார். என்ன சொல்கிறான் என்று கேட்கிறார். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மகனுக்குக் காய்ச்சலாம், பிழைத்துக்கொண்டானாம், நடந்தே வந்துகொண்டிருக்கிறானாம்.

அன்று முதல் எனக்கு இரண்டு கதைகள். வாராவாரம் அவனை அடுத்த ஊர் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தேன். அலோர் ஸ்டார், தைப்பிங், ஈப்போ. தப்புதான். ஆனால் நாடகத்துத் தாயும் குழி வெட்டியவனை நம்பவில்லை. நீ புதைத்தது வேறு யாரையோ என்று சொல்லிவிட்டுத் தேடிக்கொண்டுதான் இருந்தாள். எழுதியவர் எப்படியும் கடைசியில் மகனைக் கொண்டுவந்துவிடுவார், அதற்குள் என் ஆளும் மலாக்கா வந்துவிடுவான், பொய் தன்னாலே நேராகிவிடும் என்று மலைபோல் நம்பியிருந்தேன்.

மார்கழி பிறந்ததும் வந்த புதன்கிழமை, நாடகத்தின் நேரத்தில் வீணை வாசித்தார்கள். பெட்டிதான் கெட்டுவிட்டது என்று எதிர்வீட்டு அக்கா அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். வீணை இன்னும் சத்தமாகக் கேட்டது. என் வீட்டுக்காரரைக் கூரைமேல் ஏற்றி ஏரியல் கம்பியைத் திருப்பச் சொன்னோம். அடுத்த வாரமும் வீணை. அதற்கும் அடுத்த வாரம், நாடகம் நிறுத்தப்பட்டது என்று ஒரே வரியில் அறிவித்தார்கள். காரணம் சொல்லவில்லை.

"நிறுத்திட்டோம்னா என்னா அர்த்தம்? அவன் இருக்கானா, செத்தானா?" என்று எதிர்வீட்டு அக்கா பெட்டியைப் பார்த்துக் கேட்டார். அது மறுபடி வீணைக்குப் போய்விட்டது. எழுதியவர் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார் என்றாள் ஒருத்தி. சுதந்திரம் வந்த நேரத்தில் அழுகை நாடகம் எதற்கு என்று யாரோ கேட்டார்களாம் என்றாள் இன்னொருத்தி. எழவு வீட்டில் போல ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினோம். அழுவது நாடகத்துக்காகவா, அந்தப் பிள்ளைக்காகவா, ஏமாந்துபோனதற்காகவா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோபம் மட்டும் வந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியாமல்.

தமிழ் அறிவிப்பில் கதையின் முடிவைத்தான் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, மாச்சிக் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். என்னை ஒன்றும் கேட்காமல் எழுந்து போய்விட்டார்.

போகிக்கு முதல் நாள் காலை, கையில் கத்தியோடு எங்கள் கொல்லைக்கு வந்தார். எங்கள் வாழைமரத்தில்தான் எப்போதும் இலை அறுப்பார். போகியன்று செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்குப் படையல் உண்டு, பார்ச்சு என்பார்கள். மாச்சிக் வீட்டு வழக்கப்படி ஆளுக்கு ஓர் இலை. மாமனார், மாமியார், கணவர் என்று மூன்று. மகனுக்கும் ஒன்று போடச் சொல்லி உறவுக்காரர்கள் வருஷா வருஷம் நச்சரிப்பார்கள். அவர் போட்டதில்லை. போட்டால் செத்தவனாகிவிடுவானே.

"அந்தப் பிள்ளை வந்தானா?" என்று மலாயில் கேட்டார். "எல்லாரும் அழுதீங்களே, மறைக்காதே. வரலேன்னா சொல்லிடு, நாலு இலை அறுக்கறேன். எம்புள்ள செத்திருந்தா, இத்தனை வருஷமா அவனைப் பட்டினி போட்டிருக்கேன்."

நாடகம் நின்றுவிட்டது, முடிவு யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அவனை நடக்கவைத்தவளே நான்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"சுடா பாலேக், மாச்சிக்." வந்துவிட்டான் என்றேன். நாங்கள் அழுதது சந்தோஷத்தில் என்றேன்.

"அம்மாவைப் பார்த்ததும் என்ன சொன்னான்?"

"பசிக்குதுன்னு சொன்னான்."

மாச்சிக் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மூன்று இலை அறுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் மூன்று இலைகள், சோறும் கறியும் ஆவி பறக்க. நான்காவது இலைக்கும் இடம் இருந்தது. சயாம் காட்டில் கிடக்கும் ஒரு பிள்ளையின் சோற்றை நான் தடுத்துவிட்டேனா? இல்லை, எங்கோ உயிரோடு இருப்பவனைச் சாகாமல் காப்பாற்றினேனா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. என் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன்.

எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினார்.

"இன்னும் அதையே நெனச்சிக்கிட்டு இருக்கியா?" என்றார். "விடும்மா, நாடகந்தானே."