அவசரத்துக்கு ஓர் இடம்

திருச்சியில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி பாடம் நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன்பு கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு ஒரு நிதி அறிவிப்பைக் கொடுத்தார். வயதானவர்கள் ஆரோக்கியமாக வாழ உதவும் டிஜிட்டல் கருவிகளுக்குப் பணம் தருகிறார்கள். ஒரு கல்லூரி, ஒரு மென்பொருள் நிறுவனம், முதியவர்களின் குழு ஒன்று என மூன்று தரப்பும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனம் தயாராக இருந்தது. முதியவர்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை.

ஸ்ரீரங்கத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடும் பெண்கள் குழு கிடைத்தது. எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். அவர்களில் ஒருவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு ஃபிளாட்டில் தனியாக இருந்தார். குழுவில் அவரை டெலிபோனம்மா என்றே கூப்பிட்டார்கள்.

நடந்தால் உடம்புக்கு நல்லது என்று தெரிந்தும் ஏன் வெளியே வருவதில்லை என்று கேட்டேன். மறதி, சோம்பல், முட்டிவலி என்று எழுதுவார்கள் என எதிர்பார்த்து வண்ணக் காகிதங்கள் வாங்கிப் போயிருந்தேன். யாரும் எழுதவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டெலிபோனம்மா பேசினார்.

"நடக்கணும்னு எங்களுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம் டீச்சர். பாதி வழியில அவசரம்னா எங்க போறது? அதைச் சொல்லுங்க."

அதற்கப்புறம் எல்லோரும் பேசினார்கள். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே பொதுக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. வெளியே போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்றார் ஒருவர். கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன் என்றார் இன்னொருவர். டாக்டரிடம்கூட இதைச் சொன்னதில்லையாம்.

உற்சாகமாகத் திரும்பி வந்து அதையே விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் எழுதினேன். நிறுவனத்தின் திட்ட மேலாளர் வீடியோ அழைப்பில் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. "புரியுது மேடம், எங்கம்மாவும் இப்படித்தான். ஆனா இந்த ஃபண்டுல கட்டடம், பராமரிப்பு எதுவும் வராது" என்றார். வேண்டுமானால் கழிப்பறைகளைக் காட்டும் வரைபடம் ஒன்றைத் தாங்கள் உருவாக்கப்போகும் செயலியில் சேர்க்கலாம் என்றார். காட்டுவதற்கு எங்களிடம் ஒரு புள்ளிதான் இருந்தது, அதுவும் பூட்டியிருந்தது. விண்ணப்பத்திலிருந்து அந்த முதல் பக்கத்தை நானே எடுத்துவிட்டேன்.

நிதி கிடைத்தது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டைகள் வந்தன. நடக்கும் அடிகளை எண்ணும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதிர்ந்து தண்ணீர் குடிக்கச் சொல்லும். கையெழுத்துப் போட்டுக்கொடுத்த விஷயம் என்பதால் டெலிபோனம்மா ஒரு நாள்கூடக் கழற்றவில்லை. ஆனால் என் கணினியில் அவருடைய அடிகளைக் காட்டும் கோடு மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்தது. போன் செய்து கேட்டேன். குடிக்கச் சொல்கிறது, குடிக்கிறேன், குடித்துவிட்டு எங்கும் போக முடியவில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

கழிப்பறையைத் திறக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். உட்கார வைத்துப் பேசினார்கள். டெண்டர் போட்டிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். பக்கத்துக் கல்யாண மண்டபத்து மேனேஜர், முகூர்த்தம் இல்லாத நாளில் அம்மாக்கள் வந்து போகட்டும் என்றார். இரண்டாவது வாரமே முதலாளி வேண்டாம் என்கிறார் என்று சங்கடத்தோடு போன் செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தென்னூரில் வீட்டில் இருந்தபோது டெலிபோனம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. மண்ணச்சநல்லூரில் தங்கை பேத்தியின் காதுகுத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். கொள்ளிடம் பாலத்தில் பஸ் வெகுநேரம் நின்றுவிட்டது.

"திருவானைக்காவல்ல இறங்கி நிக்கிறேன் டீச்சர். ஒரு புடவை எடுத்துட்டு வர முடியுமா?"

கைக்குக் கிடைத்த புடவையையும் பாவாடையையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

மூடியிருந்த ஒரு கடையின் ஷட்டரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். பட்டுப் புடவை. கைப்பையை முன்னால் இறக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாற்றிக்கொள்ள இடம் தேடி நான் நாலாபக்கமும் பார்த்தேன். எதிரில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் புரிந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து, சந்துக்குள் இருந்த தன் வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார்.

ஆட்டோவில் டெலிபோனம்மாவை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போனேன். இறங்கும்போது என் கையைப் பிடித்தார்.

"இதை எந்த ரிப்போர்ட்லயும் எழுதிடாதீங்க."

எழுத மாட்டேன் என்றேன். மறுவாரம் சார்ஜரோடு பெட்டியில் வைத்து அந்தப் பட்டையைக் குழுவில் ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். சனிக்கிழமைகளில் வருவதும் நின்றுபோனது.

ஆண்டு இறுதி மதிப்பாய்வில், ஏன் பலர் பாதியில் விலகினார்கள் என்று நிதி கொடுத்தவர்கள் கேட்டார்கள். முதியவர்களுக்குத் தொழில்நுட்பத்தில் தயக்கம் இருக்கிறது என்றார் நிறுவனத்தின் மேலாளர். நாற்பது வருடம் ஒரு ஊரையே ஒயரில் இணைத்த பெண்ணைப் பற்றித்தான் சொல்கிறார். வேறு காரணமும் இருக்கிறது என்று நான் குறுக்கிட்டேன். கழிப்பறை என்றேன். ஆதாரம் உண்டா என்றார் ஒருவர், உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். என்னிடம் ஆதாரம் இருந்தது. வாக்கும் கொடுத்திருந்தேன். பேச்சுவாக்கில் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். இரண்டாம் கட்டத்துக்கும் நிதி வந்தது, பட்டையில் தமிழில் பேசும் வசதி சேர்ப்பதற்கு.

சமீபத்தில் டெலிபோனம்மாவைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். பால்கனி வரைக்கும்தான் நடை என்றார். அன்று நடந்ததை எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பேர் போடலைன்னா எழுதிக்கோங்க என்றார். இனி எழுதி என்ன ஆகப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

காபி கொடுத்தார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, எந்த பஸ் என்று கேட்டார். சொன்னேன்.

"உள்ளே போயிட்டுக் கிளம்புங்க டீச்சர். வழியில ஒண்ணும் கிடையாது."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.