நில் என்று எழுதிய மழை

மழையை அளப்பது என் வேலையாக இருந்தது. முழு வேலை அல்ல. புத்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில், நான் பெயர் சொல்ல விரும்பாத தாலுகா ஆபீஸ் மாதிரியான ஒரு மண்டல் ஆபீசில் எழுத்தராக இருந்தேன். பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று குவிந்து கிடந்த காகிதங்களுக்கு நடுவே, பி.எஸ்ஸி. படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பொறுப்பும் என்னிடம் வந்தது. ஆபீசுக்குப் பின்னால் கம்பி வேலிக்குள் முழங்கால் உயரத்தில் ஓர் உருளை நின்றது. அதன் வாயில் புனல், உள்ளே பாட்டில். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலில் சேர்ந்த நீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மழை இல்லாத நாளுக்கு ஆங்கிலத்தில் ‘நில்’, அதாவது ஒன்றுமில்லை. மாதம் முடிந்ததும் நகல் சித்தூருக்குப் போகும்.

முதல் நாலைந்து வருஷம் ஒழுங்காகச் செய்தேன். இதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரியாமல் தவறியவன் அல்ல நான்.

தொண்ணூறுகளில் எல்லோரும் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்காகத் திருப்பதியில் வீடு எடுத்தோம். அங்கிருந்து பஸ் பிடித்து ஆபீஸ் சேரப் பத்தேகால் ஆகும். எட்டரை மணி அளவை வாட்ச்மேன் பார்த்துக்கொண்டார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர். ஒரு நாள் கோடு போட்ட குவளை உடைந்துவிட்டது. புதிது கேட்டு எழுதினேன். வரவில்லை. மறுபடி எழுதவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு நாள் நான் பஸ்சிலிருந்து இறங்கி வரும்போதே வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

“சார், ராத்திரி ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சி. நீ வர்ற வரைக்கும் வச்சிக்கினு இருந்தா வெயில்ல ஆவியா பூடும்னு நானே அளந்துட்டேன்.”

“குவளைதான் இல்லையே, எதுல அளந்த பெரியவரே?”

“டீ கிளாஸ்லதான்.”

“எவ்ளோ?”

“ரெண்டு டீ, ஒரு காப்பி.”

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உட்கார்ந்து, டீ கிளாசுக்கு இத்தனை, காப்பி தம்ளருக்கு இத்தனை என்று மனசுக்குத் தோன்றியபடி ஒரு கணக்குப் போட்டு, மில்லிமீட்டரில் ஓர் எண்ணை எழுதினேன். தசமப் புள்ளி வைத்து எழுதினேன். புள்ளி இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சித்தூரில் அதை வாங்கிக்கொண்டவர்களுக்கு அது இரண்டு டீயும் ஒரு காப்பியும் என்று எப்படித் தெரியும்?

பிறகு ஆபீசுக்கு ஒரு புதுக் கூடம் கட்டினார்கள். மழைமானிக்கு வடகிழக்கே, நாலு முழம் தள்ளி, உயரமான சுவர். எங்கள் பக்கத்துப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்றோடு சாய்ந்து வரும். அந்தச் சுவர் அதை மறைத்தது. மழைமானிக்கும் சுவருக்கும் நடுவே சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இடம் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இடத்தை மாற்றச் சொல்லி ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. வாட்ச்மேன் ஓய்வு பெற்றபின் அந்த வேலிக்குள் யாரும் போகவில்லை. உருளையைச் சுற்றி எருக்கஞ்செடி வளர்ந்தது. நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததை வைத்து எழுதினேன். திருப்பதியில் மழை பெய்து ஊரில் பெய்யாத நாளும், ஊரில் பெய்து திருப்பதியில் பெய்யாத நாளும் உண்டு. போகப் போக எல்லாவற்றுக்கும் ‘நில்’.

குறைத்து எழுதுவதில் ஒரு வசதி இருந்தது. கூட எழுதினால்தான் ஊர் கேள்வி கேட்கும். வேர்க்கடலை போட்ட ஒரு விவசாயி வருஷாவருஷம் ஒரு பையோடு வந்து மேசை ஓரம் நிற்பார்.

“சாரே, மழைய கொஞ்சம் சின்னதா எழுது சாரே. பெருசா எழுதினா வறட்சி மண்டலம்னு நம்மள சேக்க மாட்டாங்கோ.”

“பெஞ்ச மழைய நான் எப்பிடிப்பா சின்னதாக்கறது?”

“உன் எழுத்தே எறும்பு மாதிரிதானே கீது. அது மாதிரிதான்.”

அவருடைய கஷ்டம் பொய் இல்லை. ஆடியில் விதைக்கும்போது மழை இல்லை. செடியைப் பிடுங்கிக் காயப்போட்ட வாரத்தில் மூன்று நாள் விடாமல் பெய்து, காய் களத்திலேயே முளைவிட்டது. பழைய நாளில் பரவிப் பரவிப் பெய்தது இப்போது ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போகிறது என்று டீக்கடையில் எல்லோரும் சொன்னார்கள். அதை எண்ணால் காட்டியிருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். வறட்சி நிவாரணம் கிடைக்கட்டும் என்ற பெயரில் என் சோம்பலுக்கு ஒரு தர்மம் கிடைத்தது. அவருடைய வேர்க்கடலையை வறுத்துத் தின்றோம்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துவந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே அமர்வில் முப்பது நாளையும் நிரப்புவேன். மகளுக்குப் பள்ளியில் தெலுங்கும் இங்கிலீஷும்தான். தமிழ் நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தேன். அதனால் எதைப் பார்த்தாலும் தமிழாக வாசிப்பாள். ஒரு நாள் என் தோளில் சாய்ந்தபடி பக்கத்தை மேலிருந்து கீழே படித்தாள்.

“நில், நில், நில், நில்... யார நைனா நிக்கச் சொல்ற?”

“மழைய.”

“நிக்குமா?”

“நைனா எழுதினா நிக்கும்.”

அதற்குப் பிறகு மழை பெய்து விளையாட்டு கெட்டுப்போனால், “நைனா, நில்லுன்னு எழுதேன்” என்பாள். எங்கள் வீட்டில் வெகுநாள் ஓடிய வேடிக்கை இது.

ஊருக்கு மேற்கே ஓர் ஏரி இருந்தது. அதை நம்பிப் பயிர் வைத்தவர்களின் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சென்னைப் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் பெங்களூருக்கும் போனார்கள். வரத்துக் கால்வாயில் மண் வாரவும் மதகடியில் நிற்கவும் ஆள் இல்லை. இருந்தவர்கள் போர்வெல் போட்டுக்கொண்டார்கள். திருப்பதி அந்தச் சாலை நெடுக வளர்ந்துகொண்டே வந்தது. ஏக்கர் என்ற பேச்சுப் போய் சென்ட் என்ற பேச்சு வந்தது. பல வருஷம் ஏரியில் தண்ணீரைவிட வேலிக்கருவைதான் அதிகம். ஆனாலும் பெரிய மழை வந்தால் இரண்டு மூன்று நாளில் தளும்பும், பிறகு வடிந்துவிடும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏரியின் ஒரு பகுதியை மனைகளாக மாற்ற விண்ணப்பம் வந்தது. இடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது. மேலிருந்து வாய்மொழியாக ஒரு வார்த்தை சொன்னார்கள், அவ்வளவுதான். யாரும் என்னை மிரட்டவில்லை, எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. நான் என் பதிவேட்டைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ‘நில்’. “மழைப் பதிவேட்டின்படி பல ஆண்டுகளாக நீர்வரத்து இல்லை” என்று தெலுங்கில் எழுதிக் கையெழுத்திட்டேன். நான் கட்டிய பொய்யை நானே சாட்சிக்கு அழைத்தேன். ஆறே மாதத்தில் அங்கே வெள்ளைக் கற்கள் நட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால், ஓய்வு பெற்ற எத்தனையோ பேரைப் போல நானும் மறந்திருப்பேன். மகளுக்குத் திருமணம் ஆயிற்று. மருமகன் பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில் வருவார். மகள் திருப்பதியில் பள்ளி ஆசிரியை. இருவரும் பல வருஷம் சேர்த்து வைத்து, ஒரு மாலை வீட்டு மனையின் வரைபடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார்கள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஏரிக்கரையின் வளைவைக்கூட மனை போட்டவர்கள் நேராக்கவில்லை. அதையே சாலையாக்கியிருந்தார்கள்.

“நைனா, நீ அந்த ஆபீசுலதானே இருந்த. பேப்பர்லாம் சரியா கீதா?”

வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். மருமகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் படித்த மனிதர், சர்வீசில் ஒரு கறையும் இல்லாதவர்.

“பேப்பர் சுத்தம்மா” என்றேன்.

பேப்பர் சுத்தமாகத்தான் இருந்தது. அதைச் சுத்தமாக்கியவன் நான்.

மனையை வாங்கி, வீடு கட்டிக் குடிபோனார்கள். மூன்று வருஷம் ஒன்றும் ஆகவில்லை. வெயில் காலத்தில் தெரு முழுக்க டேங்கர் தண்ணீர்தான், ஏனென்றால் ஏரி போனதும் அக்கம்பக்கத்து போர்வெல்களும் வற்றிவிட்டன. கான்கிரீட்டின் சூடு இரவிலும் இறங்காது என்பாள் மகள். நாலாம் வருஷம் கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. தண்ணீருக்குத் தன் பழைய இடம் தெரிந்திருந்தது. வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் ஏறி ஐந்து நாள் அசையாமல் நின்றது. ஏரி நிரம்பினால் வழிந்தோடும் கலங்கல் இருந்த இடத்தில் வரிசையாகக் கடைகள். வெளியேற வழியில்லை. மகள் மாடிப்படியில் உட்கார்ந்து போன் செய்தாள். “தண்ணி நிக்குது நைனா. போகவே மாட்டேங்குது. நிக்குது.” அவள் வேறொன்றையும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தச் சொல் காதிலேயே கிடந்தது.

அடுத்த வருஷமும் தண்ணீர் வந்தது. வீட்டை வாங்க ஆள் இல்லை, வாடகைக்கும் வர மாட்டார்கள். வீட்டுக் கடன் முடியாமல் வேறு வீடு போகவும் முடியாது. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு வடிகால் வெட்டித் தரச் சொல்லி மனு எழுதினார்கள். எழுதத் தெரிந்தவள் என்று என் மகள்தான் முன்னால் நின்றாள். மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. பதிவின்படி அது நீர்வரத்து இல்லாத இடம், வடிகாலுக்குத் தேவை எழவில்லை. ஆதாரமாக மழைப் பதிவேட்டின் சில பக்கங்களின் நகல்.

அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கோபமாக வரவில்லை. குழப்பத்தோடு வந்தாள்.

“நைனா, இது உன் எழுத்துதானே? கடைசி எழுத்துக்கு வால் இழுக்கறது நீதான்.”

“ஆமாம்மா.”

“இந்த நவம்பர்ல நான் பத்தாவது படிச்சிக்கினு இருந்தேன். மழைன்னு ஒரு வாரம் ஸ்கூல் லீவு வுட்டாங்க. நீயும் ஆபீஸ் போகல, வூட்ல வடை சுட்டு துன்னினு இருந்தோம். இதுல பூரா நில்லுன்னு கீதே?”

எல்லாவற்றையும் சொன்னேன். குவளை, சுவர், ஞாயிற்றுக்கிழமை, ஏரிக் குறிப்பு. டீயும் காப்பியும் சொன்னபோது முன்பெல்லாம் சிரிப்பு வரும். அன்று வரவில்லை. முடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மனை வாங்கறப்போ உன்னக் கேட்டேனே நைனா?”

அந்த நகலை அவள் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். இதற்குள் மாவட்டமே இரண்டாகியிருந்தது. பழைய காகிதம் சித்தூரில், புதிய காகிதம் திருப்பதியில். இரண்டு ஊருக்கும் அலைந்து, கடைசியில் ஓர் இளம் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தேன். தெலுங்கில் சொன்னேன். பதிவேடு பொய், எழுதியவன் நான், எந்தத் தண்டனைக்கும் தயார். அந்தப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

“ருஜுவு உந்தா சார்?”

ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். நான் என் மகளின் பள்ளி விடுமுறையைச் சொன்னேன். அவர் மெல்லச் சிரித்து, நினைவை எப்படி சார் ஃபைலில் வைப்பது என்றார். அன்றைக்கு எவ்வளவு பெய்தது, நீங்களாவது சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார். எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது. அந்த மண்டலத்தில் அந்த வருஷங்களின் மழைக்கு இருந்த ஒரே பதிவு நான் எழுதியதுதான். அது பொய் என்று நான் சொன்னால், அந்த இடத்தில் வைக்க உண்மை என்று ஒன்று எங்கும் இல்லை. அவர் என் மனுவை வாங்கி முத்திரை குத்தி, எண் போட்டுத் தந்தார்.

பருவநிலை மாறிவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்லும்போது இப்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். மழை மாறியதால் ஏரி செத்தது என்றும், ஏரி செத்ததால் இந்த மழை கொல்கிறது என்றும் எனக்குப் புரிகிறது. இரண்டுக்கும் நடுவில் என் கை இருந்தது என்பதும் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

மனு கொடுத்த அன்று திருப்பதி ஆபீசிலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போனேன். ஐப்பசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கிழக்கே கறுத்திருந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஃபிரிட்ஜின் அடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னா சொன்னாங்க?”

“ருசு கேக்கறாங்கம்மா.”

அவள் நிமிரவில்லை. “அந்தப் பக்கம் பிடி” என்றாள். பிடித்தேன். இருவருமாகத் தூக்கி வைத்தோம். போன வருஷத்துத் தண்ணீர்க் கோடு சுவரில் சுண்ணாம்பையும் மீறித் தெரிந்தது.

“இது போதுமா நைனா, பாரு.”

கோட்டையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தேன். குனிந்து சாணால் அளந்தேன்.

“போதாது. இன்னும் ரெண்டு வரிசை வை.”

“கல்லு தீந்துபோச்சி நைனா” என்றாள்.